நாளைக்கு நடந்துரும்

எங்கள் ரப்பர் தோட்டத்து ஆயாவுக்கு வாக்குப் பலிக்கும் என்று ஒரு பேச்சு இருந்தது. பாலை நிறுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் பிள்ளையைத் தூக்க வரும் பெண்ணிடம், வெற்றிலையைக் கடைவாய்க்கு ஒதுக்கிக்கொண்டு ஆயா சொல்வாள்: "ஏ புள்ள, ஒம் மவன் நாளைக்கு நடந்துருவான் போலருக்கு. குசினி வேலைய அப்பறம் பாத்துக்க, சாயங்காலம் அவங்கூட கொஞ்சம் குந்து." அவளும் குந்துவாள். அன்றைக்கோ மறுநாளோ பிள்ளை சுவரை விட்டுவிட்டு இரண்டு எட்டு வைக்கும். லயம் முழுக்கக் கேட்கிற மாதிரி ஒரு கூச்சல் எழும்பும். "ஆயா சொன்னுச்சு, அதே மாதிரி நடந்துருச்சு" என்று பக்கத்து வாசலில் பேசிக்கொள்வார்கள். குப்புற விழுவது, தவழ்வது, பல் எட்டிப் பார்ப்பது என்று எல்லாவற்றுக்கும் ஆயா நாள் சொல்வாள். பெரும்பாலும் பிசகாது.

அந்த ஆயா என் அப்பாயி, அப்பாவைப் பெற்றவள்.

அவளுக்கு ஆக வேண்டிய கருமாதியெல்லாம் 1996இலேயே முறையாகச் செய்தாயிற்று. யாரும் காரியம் செய்யாமல் போனது அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்குத்தான். ஆயாக் கொட்டகை, பேச்சில் ஆயாக் கொட்டாய். மலேசியாவின் பேராக்கில் ரப்பர் நின்ற இடமெல்லாம் அது நின்றது. அந்தப் பெயரிலும் அந்த உருவிலும் இன்றைக்கு அதைப் பார்க்க முடியாது. இறந்த தேதி என்று ஒன்று கிடையாது. தோட்டத்துக்குத் தோட்டம் வேறு வேறு நாளில் செத்தது.

ஊருக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். பால்மரம் வெட்டப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் இடம் ஆயாக் கொட்டகை. இலங்கை மலையகத்தில் இதையே பிள்ளைக் காம்பரா என்றும் பிள்ளை மடுவம் என்றும் சொன்னார்கள். அங்கே கொழுந்து இன்னும் பறிக்கப்படுவதால், சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர் மாறி அது பிழைத்துக் கிடக்கிறது. ஆயா என்ற சொல் போர்த்துகீசியரிடமிருந்து வந்தது. தோட்டத்தில் அந்தப் பெயரில் இரண்டு பேர் உண்டு. துரை பங்களாவில் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆயா. கொட்டகையில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆயா.

எங்கள் கொட்டகை பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கூரை, இடுப்பளவு பலகைச் சுவர், அதற்குமேல் கம்பி வலை, சிமெண்டுத் தரை, ஓரமாக ஒரு கால்வாய். குறுக்கு உத்திரத்தில் வரிசையாக ஏணைகள் தொங்கும். பழைய சேலையில் கட்டியது பாதி, பழைய கைலியில் கட்டியது பாதி. அப்பாயி நடுவில் ஒரு மணைக்கட்டையில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் மூன்று ஏணைகளை ஆட்டுவாள். வலக்கைக்கு ஒன்று, இடக்கைக்கு ஒன்று. மூன்றாவது ஏணையின் கயிறு அவள் கால் கட்டைவிரலில் சுற்றியிருக்கும். வாய் சும்மா இருக்குமா? தவழ்கிற பிள்ளைகளை அதட்டிக்கொண்டே இருக்கும். காய்ப்புக் காலத்தில் ரப்பர் விதைகள் படார் படாரென்று வெடித்துக் கொட்டகை வாசல்வரை தெறித்து வந்து விழும். பளபளவென்று புள்ளிபோட்ட விதை, பார்த்த பிள்ளை வாயில் போடாமல் விடாது. பச்சையாகத் தின்றால் உடம்புக்கு ஆகாது. விரலை விட்டு ஒவ்வொரு வாயாகத் துழாவி எடுப்பது அவளுடைய காலை வேலைகளில் ஒன்று.

விடியற்காலை ஐந்து மணிக்கு, இருட்டில், விளக்கைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வருவார்கள். ஐந்தரைக்குப் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. தோளில் தூங்கும் பிள்ளையை விழிக்கவிடாமல் ஏணைக்குள் இறக்குவது ஒரு வித்தை. முதலில் கால், பிறகு முதுகு, கடைசியில்தான் தலையைத் தாங்கிய கை. விழித்துவிட்டால் அழும். அழுகிற பிள்ளையை விட்டுப்போனவளுக்கு அன்றைக்குக் கத்தி கையில் நிற்காது என்பார்கள். அதனால் அம்மாக்கள் முதல் நாள் உடுத்திய கைலியைத் துவைக்காமல் பிள்ளைக்குக் கீழே விரித்துவிட்டுப் போவார்கள். அந்த வாடைக்குப் பிள்ளை இன்னும் ஒரு மணி நேரம் தூங்கும்.

ஏன் அத்தனை சீக்கிரம் போக வேண்டும் என்றால், மரத்தின் சுபாவம் அப்படி. விடியற்குளிர்ச்சியில் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் அதிகம், வெட்டினால் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற இலை வழியே நீர் போய் அழுத்தம் இறங்கி, ஓட்டம் மந்தமாகிவிடும். ஒரு ஆளுக்கு ஏறக்குறைய 500 மரம். வெட்டி முடித்து, காத்திருந்து, மங்கு மங்காகப் பாலை வாளியில் வழித்து, காண்டாக் கம்பில் மாட்டி ஸ்டோருக்குத் தூக்கி வந்து நிறுக்கும்போது மத்தியானம் தாண்டிவிடும். மரம் பால் விடும் நேரமும் பிள்ளை பால் கேட்டு விழிக்கும் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது. இரண்டுக்கும் தமிழில் ஒரே சொல் என்பதை நினைத்து என் அம்மா சிரித்ததில்லை.

பிள்ளைகள் புதுசாக ஒன்றைச் செய்வதும் அந்த நேரத்தில்தான். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்து, தெம்பாக இருக்கும் ஒன்பது மணிக்கும் பதினோரு மணிக்கும் இடையில். அந்த நேரத்தில் தாய் தீம்பாரில், அதாவது பால்மரக் காட்டில், முந்நூறாவது மரத்துக்கோ நானூறாவது மரத்துக்கோ குனிந்துகொண்டிருப்பாள்.

ஒரே விலக்கு மழை. பட்டை நனைந்தால் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாவிட்டால் அன்றைய கூலியும் கிடையாது. அன்றைக்குக் கொட்டகையில் பிள்ளைகள் இருக்க மாட்டார்கள். தகரத்தில் மழை அடிக்க, அம்மாக்கள் லயத்து வீடுகளில் பிள்ளைகளோடு படுத்திருப்பார்கள். அடுத்த சம்பளத்தில் எவ்வளவு குறையும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே படுத்திருப்பார்கள். மழைநாளில் முதலடி வைத்த பிள்ளை பெற்றவள் கையை நோக்கி நடந்தது என்று பொருள். தோட்டத்தில் அப்படிப் பிள்ளைகள் கொஞ்சம்தான்.

1995இல் நாங்கள் ஈப்போவில் புந்தோங் பக்கம் குடியிருந்தோம். தோட்டத்தைவிட்டு வந்த குடும்பங்கள் நிறைய அங்கே ஒண்டியிருந்தன. கச்சாங் பூத்தே வறுபடும் வாசனையில் வளர்ந்தவள் என் மகள். நான் ஜெலப்பாங் பக்கம் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலைக்குப் போனேன். பிள்ளையை அப்பாயி பார்த்துக்கொண்டாள். அப்போது அவளுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஒரு சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே நுழைகிறேன். அப்பாயி வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "இந்தா, நாளைக்கு நடந்துரும் போலருக்கு ஒம் மவ" என்றாள்.

சின்ன வயதிலிருந்து எத்தனை தடவை கேட்ட வாக்கியம்! ஆனால் அதை எனக்கே ஒருவர் சொன்னபோதுதான் உறைத்தது. "அப்பாயி, இன்னைக்கே நடந்துருச்சுதானே?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு திட்டினாள். படித்த பிள்ளைகளுக்கு வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்படத் தெரியாது என்றாள். அதற்குப் பிறகுதான் சொன்னாள். வாக்குமில்லை, பலிதமுமில்லை. காலையில் கொட்டகையில் நடந்ததை மத்தியானம் 'நாளைக்கு' என்று சொல்வது, அவ்வளவுதான். ஒருமுறை செய்த பிள்ளை மறுபடி செய்யாமலா இருக்கும்? சாயங்காலம் தாய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதலில் பார்த்தவள் தான்தான் என்று அவள் நினைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வழக்கம் ஒரு தப்பிலிருந்து வந்ததாம். ஆயா வேலைக்கு வந்த புதிதில், இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டு மூன்றாவதைப் பெற்றிருந்த ஒருத்தி மத்தியானம் வாளியோடு வந்தாள். அப்பாயி சந்தோஷம் தாங்காமல் வாசலிலேயே, "அடியே, ஒம் புள்ள நடந்துருச்சுடி" என்று கத்திவிட்டாள். அவள் வாளியைக் கீழே வைத்தாள். பிள்ளையைத் தூக்கவில்லை. "யாருகிட்ட நடந்துச்சு?" என்று கேட்டாள். "எங்கிட்டத்தான்." அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் பெரட்டுக்குப் போகவில்லை. ஒருநாள் கூலி போனால் போகட்டும் என்று பிள்ளையை வீட்டுவாசலில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். அது நடக்கவில்லை, பொத்தென்று உட்கார்ந்து தவழ்ந்து தவழ்ந்து போனது. அன்றைக்கு முழுக்கத் தவழ்ந்தது. "அன்னையிலேருந்து நாக்கக் கடிச்சுக்கிட்டேன்" என்றாள் அப்பாயி.

நான் விடவில்லை. "அப்ப நான் எங்க நடந்தேன், கொட்டாயிலயா வீட்டுலயா?" என்று கேட்டேன். அவள்தானே அப்போது ஆயா, அவளுக்குத் தெரியாமல் இருக்காது.

"நீ மழைநாளு" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. அது உண்மையா, எனக்காகச் சொன்ன கடைசி 'நாளைக்கு'வா என்று இன்றுவரை நான் யாரிடமும் விசாரிக்கவில்லை.

பிள்ளையின் ஒவ்வொரு அசைவுக்கும் பேர் வைத்து, பருவம் பிரித்துப் பிள்ளைத்தமிழ் பாடிய மொழி நம்முடையது. செங்கீரை 5ஆம் மாதம், சப்பாணி 9ஆம் மாதம், வருகை 13ஆம் மாதம் என்று பாட்டியல்கள் வகுக்கின்றன. நூலுக்கு நூல் மாதம் சற்று மாறும். உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா என்று ஐந்து நாட்டுப் பிள்ளைகளைக் கவனித்து 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, பிள்ளை தனியாக நடப்பது சராசரியாகப் பன்னிரண்டு மாதத்தில். எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம்வரை எப்போது நடந்தாலும் கவலையில்லை. நூற்றில் நாலு பிள்ளை தவழாமலேயே நடந்துவிடுவதும் உண்டு. கிளினிக்கில் மிஸ்ஸி, அதாவது தாதி, புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு "சுடா போலே ஜாலான்?" (நடக்கத் தொடங்கியாச்சா?) என்று மலாயில் கேட்டதற்கு மிரண்டுபோய் வரும் பெண்களிடம் அப்பாயி, "நடக்கும் நடக்கும், காலு எங்க போயிரப் போவுது" என்பாள். முப்பது பிள்ளைகளைத் தினம் பார்த்தவளுக்கு எட்டுக்கும் பதினேழுக்கும் உள்ள தூரம் தெரிந்திருந்தது. பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் தாயின் இடத்திலோ செவிலியின் இடத்திலோ நின்று பாடுவதாக மரபு. எங்கள் தோட்டத்துச் செவிலிக்கு மாதச் சம்பளச் சீட்டு இருந்தது.

கொண்டாட்டம் என்று பார்த்தால் பெரிதாக எதுவும் இராது. நடந்த பிள்ளைக்குக் கொழுக்கட்டை அவிப்பார்கள். அதுவும் உடனே அல்ல, சம்பளம் போட்ட பிறகு. கடைக்காரர் சிட்டையில் ஏற்கெனவே எழுதியிருக்கும் கடனைப் பார்த்துத்தான் வெல்லமும் தேங்காயும் வீட்டுக்கு வரும். பத்து நாள் கழித்து அவிக்கும்போது பிள்ளை ஓடவே தொடங்கியிருக்கும். முதல் தட்டு மாரியம்மனுக்கு. இரண்டாவது தட்டு கொட்டகைக்கு. அப்பாயி அதைப் பிட்டுப் பிட்டு முப்பது வாய்க்கும் கொடுப்பாள். நடக்காத பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பெரிய துண்டு. நேர்ந்துகொண்டவர்கள் தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்குப் போய்ப் பிள்ளைக்கு மொட்டை போடுவார்கள். கரும்பில் சேலையைத் தொட்டிலாகக் கட்டி, அதில் பிள்ளையைப் போட்டு, முன்னால் அப்பாவும் பின்னால் அம்மாவும் தோள் கொடுத்து நடப்பார்கள். அது இன்றும் நடக்கிறது. கூட்டம் கூடித்தான் இருக்கிறது.

இனிச் சொல்லப்போவதைச் சொல்லாவிட்டால் இது பொய் அஞ்சலியாகிவிடும். ஆயாக் கொட்டகையைத் துரைமார் பிள்ளைகளுக்காகக் கட்டவில்லை. தாயின் இரண்டு கையும் காலியாக வேண்டும், அதற்காகக் கட்டினார்கள். ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வரிசையாக எல்லா ஏணைக்கும் வரும். மூத்திர வாடையும் புளித்த பால் வாடையும் சிமெண்டில் ஊறிப்போயிருந்தன. கால்வாய்ப் பக்கம் போகும் துறுதுறுப் பிள்ளைகளின் கணுக்காலில் துணிக்கயிற்றைக் கட்டித் தூணோடு பிணைத்து வைப்பாள் அப்பாயி. அவளைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு கிழவி, முப்பது பிள்ளை. அவளுக்கு ஒத்தாசைக்கு என்று எட்டு வயது, பத்து வயதுப் பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் நிறுத்தியதும் உண்டு. என் பெரியப்பா மகள் அப்படி நின்றவள். கையெழுத்துப் போட மட்டும் தெரியும் அவளுக்கு. ஆயாக் கொட்டகையைப் பற்றி எழுதுகிறேன் என்று சொன்னபோது, "எழுது, என்னையும் எழுது" என்றாள்.

அதன் சாவுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் ஒன்று இன்றும் மரமாக நிற்கிறது, வேலி போட்டுப் பலகை வைத்துப் பாதுகாக்கிறார்கள். அதன் வழி வந்த காடுதான் எங்கள் சனத்தைக் கடல் தாண்டி இழுத்துக்கொண்டு வந்தது. 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்டத்துரைகள் மூன்று பேர் சுடப்பட்டதும் அவசரகாலம் வந்தது. லயங்களை முள்கம்பிக்குள் நெருக்கினார்கள். கொட்டகை அதையும் தாங்கி நின்றது. தாங்க முடியாதது அதற்குப் பிறகு வந்தது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். வாங்கியவர்களுக்குக் கொட்டகை எதற்கு, ஆயா எதற்கு? அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளியிடமே பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கினார். சில தோட்டங்கள் பிழைத்தன. ஆனால் ரப்பர் பிழைக்கவில்லை. மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு விடியலும் ஒன்றுதான் மத்தியானமும் ஒன்றுதான், ஆளும் குறைவு. குலை வெட்டுவது ஆண் வேலை. ஒப்பந்தத்தில் வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள், அவர்கள் பிள்ளைகுட்டியோடு வரவில்லை. எங்கள் பெண்கள் தொழிற்சாலை பஸ் ஏறினார்கள். ஏணைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

தொழிலாளர் வீட்டுவசதி பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446 இருக்கிறதே, அதன் முகப்பிலேயே வீட்டோடு பிள்ளைக் காப்பகமும் எழுதப்பட்டிருக்கிறது. சட்டம் உயிரோடுதான் இருக்கிறது.

எங்கள் அப்பாயிக்கு வேலை போனது 1983இல். கடைசி நாளில் கொட்டகையில் நான்கு பிள்ளைகள்தான். ஏணைச் சேலைகளை அவிழ்த்து, துவைத்து, மடித்து உரியவர்களிடம் கொடுத்தாள். ஒன்றுக்கு மட்டும் உரியவர் தெரியவில்லை. என் மகள் புந்தோங்கில் தூங்கியது அந்தச் சேலையில்.

தோட்டம் போனாலும் சில மிஞ்சின. மாரியம்மன் கோயில் செம்பனைக்கு நடுவில் நிற்கிறது, வருஷத் திருவிழாவுக்கு எங்கெங்கோ போனவர்கள் கார் போட்டு வருகிறார்கள். பேராக்கில் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயரில் இன்னும் தோட்டம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: கிந்தா கெல்லாஸ், எல்பில். முன்னாள் மாணவர்கள் கூடுகிறார்கள், டீ-சட்டை அடிக்கிறார்கள். பத்து காஜா பக்கம் வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் இறந்ததும் பாதியில் நின்ற மாளிகைக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறோம். ஆயாக் கொட்டகைக்கு முன்னாள் பிள்ளைகள் சங்கம் கிடையாது. அங்கே இருந்ததை நினைவு வைத்திருக்கும் வயதில் யாரும் அங்கே இருந்ததில்லையே. அதன் வருகைப்பதிவு முழுக்க ஒரு கிழவியின் தலைக்குள் இருந்தது, அவளோடு சுடுகாட்டுக்குப் போயிற்று. போன திருவிழாவில் அம்மாவோடு தேடிப் போனேன். தரை இருக்கிறது. அதன்மேல் உரமூட்டைகளை அடுக்கி நீலக் கித்தான் போட்டு மூடியிருந்தார்கள். கால்வாயின் ஒரு பக்கம் மட்டும் தெரிந்தது.

அந்தச் சேலையில் தூங்கிய என் மகளுக்கு இப்போது ஒரு வயதுப் பையன். அவள் ஈப்போவில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறாள். 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாகிவிட்டது. நல்ல காரியம்தான். ஆனால் 98 நாள் என்பது மூன்று மாதம் சொச்சம். பிள்ளைத்தமிழ்க் கணக்கில் காப்புப் பருவம் தாண்டாது, பிள்ளை குப்புறக்கூட விழாது. மிச்சத்தையெல்லாம் டாஸ்கா என்கிற பிள்ளைக் காப்பகம்தான் பார்க்கிறது. சுத்தமான இடம். குளிரூட்டி, ரப்பர்ப் பாய், பதிவுச் சான்றிதழ், ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் எழுதிய பை. கயிறு கட்டிய கணுக்கால் அங்கே கிடையாது. நான் ஏக்கத்தில் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இரண்டில் எதில் பிள்ளையை விடுவாய் என்று கேட்டால் இதில்தான் விடுவேன்.

சில வாரங்களுக்கு முன்னால் காலை பத்தே முக்காலுக்கு மகளின் கைபேசி துடித்தது. டாஸ்காப் பெண் அனுப்பிய படம், பதினான்கு வினாடி. பையன் நாற்காலியை விட்டுவிட்டு மூன்று எட்டு வைத்து, படம் எடுக்கிறவளை நோக்கி வந்து விழுகிறான். பின்னால் கைதட்டல். மகள் அதைக் கூட்ட அறையில் மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்திருக்கிறாள். சத்தத்தை அணைத்துவிட்டு. பிறகு கழிப்பறைக்குப் போய் இன்னும் இரண்டு முறை. அங்கிருந்தே எங்கள் குடும்பக் குழுவில் போட்டாள். பத்து நிமிஷத்தில் பதினெட்டு இதயம், ஒரு கேக் படம், கோலாலம்பூர்ச் சித்தப்பாவின் வாழ்த்து. சாயங்காலம் வீட்டில் பையனை நிறுத்தி வைத்து எல்லோரும் செல்பேசியைத் தூக்கிப் பிடித்தோம். அவன் பொத்தென்று உட்கார்ந்து தவழ்ந்து போனான்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தாள். சிரித்தாள். முடிந்ததும் கைபேசியை என்னிடம் நீட்டி, "நல்லா இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு ஏன் சொல்லுது?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஏம்மா, ஒனக்குத் தெரியுமா? அப்பாயி செஞ்சது?"

"தெரியாம என்னா? நாங்க அத்தன பேரும் முட்டாளா? காலையில விட்டுட்டுப் போறப்ப தவழ்ற புள்ள, சாயங்காலம் விழாம நடந்தா தெரியாதா, ஏற்கெனவே பழகியிருக்குன்னு? நடந்துருக்கும்னு தெரியும். அவங்க நாளைக்குன்னுதான் சொல்லணும், நாங்க ஓடிப்போய்ப் பாக்கணும். அதுதான் மொறை."

ஆக, கூச்சல் போட்ட ஒவ்வொருத்தியும் தெரிந்துதான் போட்டிருக்கிறாள். வாக்குப் பலிக்கும் என்ற பேச்சையும் அவர்களே கட்டி வளர்த்திருக்கிறார்கள். தகரக் கொட்டகையில் முப்பது பிள்ளைக்கு ஒரு கிழவியை வைத்த தோட்ட நிர்வாகம் தராத ஒன்றை, அந்தப் பெண்கள் தங்களுக்குள் பேசாமலேயே பேசிவைத்துக்கொண்டு எடுத்துக்கொண்டார்கள். கொட்டகையின் தரையையும் கூரையையும் பற்றி எனக்குத் துக்கமில்லை. செத்துப்போனதில் நான் அழுவது இதற்கு.

டாஸ்காக்களில் வேலை பார்க்கும் தங்கைமாருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் சம்பளம் எனக்குத் தெரியும், உங்கள் முதுகுவலியும் தெரியும், கூடுதல் வேலை எதுவும் கேட்கவில்லை. பிள்ளை நடந்தால் படம் எடுங்கள். கைதட்டுங்கள். சாயங்காலம் பிள்ளையைக் கையில் கொடுக்கும்போது, "அக்கா, நாளைக்கு நடந்துரும் போலருக்கு" என்று மட்டும் சொல்லிவிடுங்கள். படத்தை மறுநாள் அனுப்பலாம்.